தண்ணீர் எங்கே போகிறது?

பல்கலைக்கழகத்தில் நம்மில் பலர் ஓட்டுவது அண்ணனோ மாமாவோ ஓட்டி முடித்த பழைய கார்தான். அதன் பின்பகுதியில் பெரும்பாலும் ஒரு 1.5 லிட்டர் போத்தலில் குழாய்த் தண்ணீர் இருக்கும். எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரில் ஊற்றுவதற்காக! அந்தப் போத்தலை நம்பிப் பயணம் போவதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ரேடியேட்டர், எஞ்சின், ரப்பர் குழாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய சுற்று. நல்ல நிலையில் உள்ள காரில் வாரந்தோறும் கூலண்ட் குறையக் கூடாது. குறைந்தால், அது எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். இடத்தைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை விழுங்குவதைப் போன்றது.

என்னோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தோழியின் காருக்குப் பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். அடுத்து வாட்டர் பம்ப். அதன்பின் ரேடியேட்டர். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் கரைந்தது. கூலண்ட் குறைவது மட்டும் நிற்கவில்லை. வேறொரு பட்டறையில் சோதித்தபோதுதான் ஹெட் கேஸ்கெட் பழுது என்று தெரிந்தது. சோதனை முதலில் வந்திருந்தால் மூன்று பாகங்களின் விலை மிஞ்சியிருக்கும்.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வெளிக் கசிவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. குழாய், பம்ப், ரேடியேட்டர் எது ஈரமாகிறது என்று பார்க்கலாம். மூடியையும் சோதிக்க வேண்டும். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

வெளியே கசிவில்லை என்றால் உள்ளே தேட வேண்டும். புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, பால் கலந்த காப்பி போன்ற எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டரில் ஓயாத குமிழ்கள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதின் அறிகுறிகள். உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவம் உண்டு. எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும்.

எப்போது சூடேறுகிறது என்பதும் ஒரு தடயம். நெரிசலில் மட்டும் என்றால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் என்றால் ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம்.

"மெக்கானிக்குக்கு நாம் பாடம் நடத்துவதா?" என்று சிலர் கேட்கலாம். பாடம் நடத்த வேண்டாம், "அண்ணே, பிரஷர் டெஸ்ட் செஞ்சு பார்த்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆண், பெண் வேறுபாடும் இல்லை.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் வழியில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். அந்தச் செலவை எந்த மாணவராலும் எளிதில் தாங்க முடியாது.