சிங்கம் கர்ஜிக்கட்டும்



என் பழைய மாணவன் ஒருவன் தன் நான்கு வயது மகளுக்குச் சிங்கமும் முயலும் கதை வாசித்தான், கரண்ட் பில் படிப்பதுபோல! கேட்டால், "நடிக்கெல்லாம் வராது சார்." கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் தெருவே அதிரும். பிறகு, பிள்ளை செல்போனை விடமாட்டேன் என்கிறாள் என்று புலம்பல் வேறு.

அந்தக் கதையே குரலில்தான் நிற்கிறது. சிங்கம் கிணற்றுக்குள் பார்த்துக் கர்ஜிக்க வேண்டும், எதிரொலி திரும்பி வர வேண்டும். அதை நம்பித்தானே குதிக்கிறது? எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்தால் குழந்தைக்கு என்ன புரியும்? "கர்ஜித்தது" என்ற சொல்லுக்கு அந்த வயதில் அகராதி உங்கள் தொண்டைதான். முயலுக்குக் குரலைத் தாழ்த்துங்கள். குதிக்கும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கும். (காதருகே கத்தச் சொல்லவில்லை. அழுதுவிடும்.)

இன்று இரவே வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.