பதிப்புரிமை பதியப் போய் நாங்கள் படித்த பாடம்



எங்கள் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சிறுகதை, பெயர் வெட்டப்பட்டு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கடைசியில் அவருக்கே ஒருவர் அதை அனுப்பி, "நல்ல கதை சேர், வாசிச்சுப் பாருங்க" என்றாராம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவருடைய தொகுதிக்கு ஒன்லைனில் பதிப்புரிமை பதிந்துவிடுவோம் என்று நாங்கள் மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்தோம். கிடைத்தது வெளிநாட்டுத் தனியார் தளமொன்று. முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று கேட்டது. வாப்பாவின் பெயரை முன்னால் வைத்து எழுதும் நாம் எதைச் சொல்வது? முதலெழுத்துகளைப் போட்டால் சிவப்புக் கோடு. பாமினியில் தட்டச்சு செய்த கதைகளை ஏற்றினால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. கட்டணம் டொலரில். வங்கியின் இரகசிய இலக்கம் நேரம் முடிந்த பிறகே தொலைபேசிக்கு வந்தது. நான்கு இரவுகள் இப்படியே போயின.

அதற்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பு ஆக்கப்பட்ட உடனேயே அதற்குப் பாதுகாப்பு உண்டு. பதிவு தேவையில்லை. எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடங்களும் அது நீடிக்கும். படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கோரும் உரிமையும் அவருக்குண்டு. பேர்ன் உடன்படிக்கையில் இலங்கை 1959 முதல் உறுப்பு நாடு என்பதால், ஏனைய உறுப்பு நாடுகளிலும் பதிவில்லாமலே பாதுகாப்பு கிடைக்கும். ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் அடையாள இலக்கம் மட்டுமே. அது பதிப்புரிமை அல்ல.

இத்தனை வருடம் எழுதும் நமக்கு இதை ஏன் யாரும் தமிழில் சொல்லவில்லை? தெரியாதவரின் அச்சத்தில்தான் இத்தகைய தளங்கள் டொலர் சம்பாதிக்கின்றன.

உரிமை தானாக வரும், ஆதாரம் தானாக வராது. கையெழுத்துப் பிரதியை வீசாதீர்கள். முடித்த கதையை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், திகதி பதிந்திருக்கும். பிரசுரமான பத்திரிகையைப் பத்திரப்படுத்துங்கள்.

நாங்களும் சுத்தமானவர்கள் அல்லர். அடுத்த பாடசாலையின் மாதிரி வினாத்தாளை, தயாரித்தவர் பெயரை மறைத்துப் போட்டோ கொப்பி எடுத்தவர்கள் நம் ஆசிரியர்களிலும் உண்டு. அடுத்தவரின் எழுத்தும் அமானிதம்தான்.

அந்தச் சிறுகதையைப் பகிர்ந்தவர்கள் இந்தக் குழுக்களிலும் இருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னொரு முறை பகிருங்கள், இம்முறை சேருடைய பெயரோடு.