காய்ச்சலோடு வந்தால் பரிசு

கொஞ்சம் நீளமான பதிவுதான். நீர்வேலி, கோப்பாய்ப் பக்கம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள் நேரமெடுத்து வாசியுங்கோ.

போன கிழமை எங்கள் பாடசாலைக்குக் கட்டுறுபயில்வுக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி மூன்றாம் வகுப்புக்குள் இருமி இருமிப் படிப்பித்துக்கொண்டு நின்றா. கண் இரண்டும் சிவந்துபோய் இருந்தது. "அறைக்குப் போய்ப் படும் பிள்ளை" என்றேன். "இல்லை ரீச்சர், ரெண்டு பனடோல் போட்டிட்டன். லீவு எடுத்தா நாள் குறைஞ்சிடும்" என்றா. திங்கட்கிழமை அந்த வகுப்பில் 26 பேரில் 9 பேர் வரவில்லை. அவவிடமிருந்துதான் தொற்றியது என்று நான் சொல்லவரவில்லை, மாரி காலத்தில் தடிமன் எந்த வீட்டிலிருந்தும் வரும். ஆனால் அவ சொன்ன அந்த வசனம் எனக்கு நன்றாகத் தெரிந்த வசனம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விடுதியில் நானும் அதையே சொன்னேன்.

நான் படித்த கல்லூரி இந்த மாவட்டத்தில் இல்லை, பெயரும் வேண்டாம். ஒரு மண்டபத்தில் 14 கட்டில். வருத்தம் என்று வீட்டுக்குப் போவதென்றால் வாப்பா நேரில் வந்து கையெழுத்து வைக்கவேணும், வாப்பா இருந்ததோ பஸ்ஸில் ஐந்து மணித்தியாலத் தூரத்தில். ஒருமுறை கடும் காய்ச்சல். விடுதிப் பொறுப்பாளருக்குச் சொல்லாமல் பனடோலைப் போட்டுக்கொண்டு விரிவுரைக்குப் போனேன், இரவில் எல்லோரோடும் படுத்தேன். நாலாம் நாள் பக்கத்துக் கட்டில்காரிக்குக் காய்ச்சல். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. ஒரு இரவு மூச்சு எடுக்க முடியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். இன்றும் என்னோடு கதைக்கிறாள். என்னிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இன்புளுவென்சா காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னமே மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். தொடங்கிய பிறகு ஐந்து, ஏழு நாள் வரை தொற்றும், முதல் மூன்று நாலு நாள்தான் மோசம். பனடோல் காய்ச்சலைக் குறைக்கும், கிருமியைக் குறைக்காது. உடம்பு சுடவில்லை என்று நம்பி நாங்கள் வகுப்புக்குள் போவது நோய்க்குத்தான் வசதி. விடுதி என்றால் கேட்கவே வேண்டாம். 1978 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றில் இந்தக் காய்ச்சல் பரவி, 763 பேரில் 512 பேர் இரண்டு கிழமைக்குள் படுக்கையில் விழுந்தார்கள். எங்கள் நாட்டிலும் 2018 மே மாதம் தென்மாகாணத்தில் இன்புளுவென்சா பரவிப் பிள்ளைகள் இறந்தபோது ஆரம்ப வகுப்புகளை மூடவேண்டி வந்தது.

இதற்கு மருந்தாகக் கல்லூரிகளில் செய்வது என்ன? "கைகளைக் கழுவுவோம்" என்று சுவரில் ஒரு படம். கை கழுவுவது நல்லது, ஐந்து வேளை ஒளூச் செய்கிற எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் மழைக்கும் நுளம்புக்கும் யன்னலைப் பூட்டிவிட்டு 14 பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இடத்தில் கை கழுவி மட்டும் தப்ப முடியாது. காய்ச்சல்காரி பயமில்லாமல் "எனக்குக் காய்ச்சல்" என்று சொல்லக்கூடியதாக இருக்கவேணும். சொன்னால் படுக்க வேறு அறை, வாசலுக்குக் கஞ்சி, வரவு இடாப்பில் அந்த நாட்களுக்குச் சிவப்புக் கோடு இல்லை. இவ்வளவும் போதும்.

முடியாது என்று சொல்லாதீர்கள். கொரோனாக் காலத்தில் கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரியே சிகிச்சை நிலையமாக மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 750 பஸ்ஸில் அந்த இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களையும் எனக்குத் தெரியும்! ஒரு கல்லூரியையே வைத்தியசாலையாக்க முடிந்த எங்களுக்கு, நாலு கட்டில் போட்டு ஒரு அறையை ஒதுக்குவது பெரிய வேலையா?

லீவைத் தளர்த்தினால் எல்லோரும் பொய்க்காய்ச்சல் சொல்வார்கள் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் சொன்னார். சொல்லட்டும் சேர். மாதம் இரண்டு பேர் பொய் சொல்லிப் படுத்தால் இரண்டு பேரின் பாடம்தான் போகும். ஒருத்தி உண்மையை மறைத்தால் மண்டபமே படுக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கோ. எங்கள் அயல் வீடுகளில் அம்மாள் வருத்தம் வந்தால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். பிள்ளை பாடசாலைக்குப் போகாது, வீட்டுக்கும் ஆட்கள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று ஒரு அதிபரும் கேட்கமாட்டார். கொள்ளைநோய் வந்த ஊருக்குள் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்பதை நாங்கள் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். நோய்க்காரர் ஒதுங்கியிருப்பது இரண்டு பக்கத்துக்கும் பழகிய விஷயம்தான். தடிமன் காய்ச்சலுக்கு மட்டும் அதை மறந்துவிட்டோம், "சும்மா தடிமன்தானே" என்று.

சும்மா தடிமன் என்று வீட்டில் தீர்மானிக்கவும் முடியாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்று வந்த சிலர் இறந்த பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. டெங்குவும் இதே மாரியில்தான் வருகிறது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், அல்லது மூச்சு முட்டினால், உடனே வைத்தியரிடம் போகவேணும். கர்ப்பிணி, வயதானவர், தொய்வுக்காரர், நீரிழிவுக்காரர் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பழைய துண்டைக் காட்டி பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடிக்கிற வேலையும் வேண்டாம், அது இந்த வைரசுக்கு ஒன்றும் செய்யாது.

இனி எங்கள் பக்கம். கல்லூரியில் இரண்டு வருடம் காய்ச்சலை மறைக்கப் பழகியவர்கள்தான் மூன்றாம் வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். பிறகு முப்பது வருடம் ஆசிரியராக இருந்து, காய்ச்சலோடு வந்த பிள்ளையைக் "கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுப்பார்கள். நானும் தட்டிக்கொடுத்திருக்கிறேன். பரிசளிப்பு விழாவில் "முழு வரவு" என்று ஒரு கிண்ணம் கொடுக்கிறோமே, அதை வாங்குவதற்காகக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் போர்த்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிய தகப்பனை நான் கண்டிருக்கிறேன். அவரை என்ன சொல்ல? கிண்ணத்தை வைத்தது நாங்கள்.

வருகிற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தப் பரிசை நிறுத்தச் சொல்லிக் கேட்கப்போகிறேன். வெளிநாட்டிலிருந்து அதற்குக் காசு அனுப்புகிற உறவுகள் கோபிக்கவேண்டாம், அதே காசுக்கு வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கலாம். கட்டுறுபயில்வுப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கிறவர்களும் கூட்டத்துக்கு வாருங்கோ. அந்தத் தங்கச்சி இப்ப மூன்று நாளாக லீவு. வீட்டுக்கார அம்மா கொத்தமல்லி அவித்து வாசலில் வைக்கிறாவாம். அவவின் நாட்கள் குறையாமல் இருக்க யாரோடு கதைக்கவேணும் என்று தெரிந்தவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கோ.