கீபோர்ட் பழுதில்லை, அட்டவணைதான் மாறியிருந்தது



எங்கள் பாடசாலைக் கணினி அறையைப் பற்றிப் போன கிழமை ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சுக்கு நாங்கள், கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், உடனே பதில் சொல்லவில்லை. கோபத்தில் எழுத வேண்டாம் என்று இருந்தோம். இப்போது எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நடந்தது இதுதான். நன்கொடையாக வந்த பழைய கம்பியூட்டர்களில் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தார்கள். தரம் 10 பிள்ளைகள் டெர்மினலைத் திறந்து ஆங்கிலத்தில் கட்டளை அடித்தால் சிங்கள எழுத்து விழுந்தது. ஓடுகிற வேலையை நிறுத்தக் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நிற்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, இரண்டு கதை கிளம்பியது. ஒன்று, "கீபோர்ட் எல்லாம் பழுது, காசு சேர்த்துப் புதிதாக வாங்குவோம்." மற்றது, "தமிழ்ப் பாடசாலைக்கு வேண்டுமென்றே சிங்களக் கம்பியூட்டரைத் தந்திருக்கிறார்கள்."

இரண்டும் பிழை. இரண்டாவது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

கீபோர்டுக்கு எந்த மொழியும் தெரியாது. நாம் ஒரு சாவியை அழுத்தினால் கணினிக்குப் போவது ஓர் எண் மட்டுமே. யுனிக்ஸ் வழி வந்த கணினிகளில் திரையையும் கீபோர்டையும் கவனிக்க 1984இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் விண்டோ என்ற ஏற்பாடு இன்றும் பல இடங்களில் இருக்கிறது. லினக்ஸில் அது சி என்று அச்சடித்த சாவியை 54 என்றும் இடப்பக்கக் கன்ட்ரோலை 37 என்றும் பார்க்கிறது. 54 என்றால் எந்த எழுத்து என்று சொல்வது ஓர் அட்டவணை. அட்டவணை ஆங்கிலமாக இருந்தால் சி, சிங்களமாக இருந்தால் சிங்கள எழுத்து, தமிழாக இருந்தால் தமிழ் எழுத்து.

நம் ஊர் அச்சகத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. கல்யாணக் கார்டுக்குப் பாமினியில் "அம்மா" என்று அடிக்கும்போது உள்ளே சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. அதற்காக அந்தக் கீபோர்டைத் தமிழ்க் கீபோர்ட் என்று யாரும் சொல்வதில்லை.

கன்ட்ரோல் ஏன் வேலை செய்யவில்லை? டெர்மினலில் கன்ட்ரோல் ஒரு கழித்தல் கணக்கு. பெரிய சி-யின் எண் 67. அதில் 64ஐக் கழித்தால் 3. அந்த 3 தான் "நிறுத்து" என்ற செய்தி. இந்தக் கணக்கு 128 குறிகள் கொண்ட பழைய ஆங்கில அட்டவணைக்குள் நடப்பது. சிங்கள எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் அதற்குள் இடமில்லை. ஆங்கில வரிசையைச் சேர்க்காமல் விட்டால் அந்த 3 போய்ச் சேர வழியில்லை.

அப்படியானால் சிங்களம் எப்படி வந்தது? லினக்ஸின் கீபோர்ட் பட்டியலில் இலங்கையைத் தெரிவு செய்தால் முதலில் நிற்பது ஒலிப்பு முறைச் சிங்கள வரிசை. தமிழ் அதன் கீழே ஒரு கிளையாக இருக்கிறது. நிறுவியவர் நாட்டைத் தெரிவு செய்துவிட்டு மேலே போயிருக்கிறார். அவ்வளவுதான். இதில் யாருடைய சதியும் இல்லை.

திருத்தும்போது நாங்களும் சிரித்தோம். கீபோர்டைச் சரியாக்கும் கட்டளையை அடிக்க அதே கீபோர்ட் வேண்டும்! அதனால் மவுசைப் பிடித்து அமைப்புகளுக்குள் போனோம். ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்தோம். விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸை அழுத்தினால் இப்போது மாறி மாறி வருகிறது. டெர்மினலில் செட்எக்ஸ்கேபிமேப் என்ற கட்டளையாலும் இதைச் செய்யலாம், ஆனால் வெளியேறி மீண்டும் நுழைந்தால் அது மறந்துபோகும். வேலண்ட் என்ற புதிய ஏற்பாடு உள்ள கணினிகளில் அமைப்புகள் வழியாக மாற்றுவதே சரி.

இன்னொரு கணினியில் ஆல்ட்டோடு பி-யை அழுத்தினால் தொப்பி வைத்த ஏ வந்தது. அதுவும் கணக்குத்தான். சின்ன பி-யின் எண் 98. எக்ஸ்டெர்ம் அதோடு 128ஐக் கூட்டி 226 ஆக்கியது. அந்த எண்ணில் இருப்பது தொப்பி வைத்த ஏ. அதன் அமைப்பில் மெட்டாசென்ட்ஸ்எஸ்கேப் என்பதை ட்ரூ ஆக்கினோம். இப்போது ஆல்ட் முதலில் எஸ்கேப்பை அனுப்பி, பிறகு எழுத்தை அனுப்புகிறது. ஒரு சொல் பின்னால் போக வேண்டிய இடத்தில் போகிறது.

நியாயமான மனக்குறை ஒன்று உண்டு, அதையும் மறைக்கவில்லை. எங்கள் கணினிகளின் பட்டியலில் இலங்கைத் தமிழ் என்று இருப்பது 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 வரிசை. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு எஸ்எல்எஸ் 1326 தரநிர்ணயம் சொல்வதோ ரெங்கநாதன் வரிசை. அது வேண்டுமென்றால் ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் தனியாகப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் பூட்டி வைத்த அலுமாரி அல்ல. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் திறந்த முறையில் பராமரிப்பது. குறை இருந்தால் எழுதலாம், திருத்தத்தை நாமே செய்து அனுப்பலாம். குழுவில் குரல் பதிவு போடுகிற நேரத்தில் அதைச் செய்யலாமே.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள்: காசு சேர்க்க முன் சோதித்துப் பாருங்கள். எக்ஸ்இவி என்ற சிறு நிரலைத் திறந்து ஒவ்வொரு சாவியாக அழுத்தினால், எண் வந்தால் சாவி உயிரோடு இருக்கிறது. எண்ணே வராத கீபோர்டை மட்டும் மாற்றுவோம். தோட்டத்துச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் காசு அது.

பெற்றோருக்கு ஒன்று. "அவர்கள் நமக்குச் செய்தது" என்று வீட்டில் சொல்ல ஒரு நிமிடம் போதும். பிள்ளை அதை வருடக்கணக்கில் சுமக்கும். இந்த முறை அந்தப் பிள்ளைகளே மவுசைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் அட்டவணையை மாற்றினார்கள். எழுத்து ஏன் மாறியது என்று அவர்களிடம் கேளுங்கள், எங்களைவிட நன்றாக விளக்குவார்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் பாடசாலை விட்ட பிறகு கணினி அறைக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் இருப்போம்.