ஜெராக்ஸ் எடுக்கப் போகும் வழியில்...

நாளிதழ்களில் வரும் வரி விளம்பரங்களைப் படிக்கிற வழக்கம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் ஒரு வாரம் படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொலைகின்றன என்பது தெரியவரும். அந்த இடம், ஜெராக்ஸ் கடைக்குப் போகும் வழி. அசல் கிரயப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க எடுத்துப் போனாராம், வழியில் தவறிவிட்டதாம், கண்டெடுத்தவர்கள் கீழ்க்கண்ட வக்கீல் முகவரியில் ஒப்படைக்க வேண்டுமாம்.

இத்தனை பேருமா ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் கோட்டை விடுகிறார்கள்? நிச்சயமாக இல்லை. நிஜத்தில் பத்திரம் வேறு விதமாகத்தான் போகிறது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் கரையான் புகுந்திருக்கும். எங்கே வைத்தேன் என்று சொல்லாமலே அப்பா கண்ணை மூடியிருப்பார். அண்ணன் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் பெட்டி மாறியதில் எங்கேயோ போயிருக்கும். எப்போது போச்சு, எப்படிப் போச்சு என்று தெரியாது. தெரிந்தால் அதற்குப் பெயர் தொலைவதே இல்லையே!

ஆனால் "தெரியலை சார்" என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிப் பாருங்கள். புகாருக்கு ஒரு இடம் வேண்டும், தேதி வேண்டும், நேரம் வேண்டும். எங்கள் எல்லையில் தொலைந்ததா, பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலா என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அதனால் புகார் எழுதித் தருகிறவரே ஒரு ஜெராக்ஸ் கடையைக் கற்பனை செய்கிறார். பிறகு அதையே நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரமாகவும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். வாழ்நாளில் பொய் சொல்லாத ரிட்டயர்டு வாத்தியாரைக்கூட எழுபது வயதில் பொய்ச் சத்தியம் செய்ய வைக்கிற ஏற்பாடு இது. இதற்குப் பெயர் மோசடித் தடுப்பு!

அதோடு முடியவில்லை. போலீஸ் 'தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை' என்று ஒரு சான்றிதழ் தர வேண்டும். நான்-டிரேசபிள் சர்டிபிகேட் என்பார்கள். கரையான் தின்றதை எங்கே போய்த் தேடினார்கள் என்று நாம் கேட்கக்கூடாது. அப்புறம் பேப்பர் விளம்பரம். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றளிக்கப்பட்ட நகல். இவ்வளவையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போனால், வங்கி மேலாளர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டை வாங்க வந்தவர், "ஒரிஜினல் இல்லைன்னா விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தொலைந்தது என்ன? வீடா, காகிதமா?

கிரயப் பத்திரம் பதிவாகும்போது அதன் பிரதி அரசாங்கத்திடம் தங்கிவிடுகிறது. எந்தத் தேதியில், யார், யாருக்கு, எந்த நான்கு எல்லைக்குள், எவ்வளவுக்கு விற்றார் என்ற அத்தனையும் அதில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57ஆவது பிரிவில், கட்டணம் கட்டுகிற யாருக்கும் அந்த நகலைத் தரச் சொல்கிறது. அசலில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க அந்த நகலே போதும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இன்றைக்கு வில்லங்கத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம், நகலையும் வாங்கலாம். ஆக, அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே, 'உன் வீடு உன்னுடையதுதான் என்று போலீஸிடம் எழுதி வாங்கி வா' என்கிறது.

உடனே ஒரு பதில் வரும். "அசலை எங்கேயாவது அடமானம் வெச்சிட்டு, தொலைஞ்சு போச்சுன்னு நாடகமாடி, வீட்டை வித்துட்டா?" நியாயமான கேள்விதான். பத்திரத்தைக் கொடுத்து வைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் தந்த வசதி. அப்படி ஏமாந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் அந்தத் திருட்டைப் பிடிக்கும் வழி வரி விளம்பரமா? வங்கிகள் வாங்குகிற அடமானங்களைப் பதிவு செய்வதற்கென்றே செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்குகிறது. கட்டணம் கட்டினால் யாரும் தேடிப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றிலும் வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது, பதிவே இல்லாமல் பத்திரத்தை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்து வட்டிக்கு விடுகிற ஆசாமிதான். அவர் தினமும் வரி விளம்பரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார் என்று நம்பச் சொல்கிறார்கள். மோசடி செய்கிறவனுக்கோ இந்தச் சடங்கு ஒரு தடையே இல்லை. அவனும் ஒரு ஜெராக்ஸ் கடையைச் சொல்லிவிட்டுப் போகிறான். மாட்டிக்கொண்டு முழிப்பது நிஜமாகவே தொலைத்தவர் மட்டும்தான்.

இந்தச் சடங்குக்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்தார்கள். முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் அடுத்த பத்திரத்தைப் பதிவு செய்வோம், தொலைந்திருந்தால் போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் வேண்டும் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒரு விதியை 2022இல் சேர்த்தார்கள். 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையே அல்ல என்று சொல்லி, 55-ஏ (1) செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் மை காய்வதற்குள், அதே மாதத்திலேயே, அசல் பத்திரத்தைக் கட்டாயமாக்கும் மசோதா சட்டப் பேரவையில் நிறைவேறியது. விதியாக இருந்தால்தானே ரத்து செய்வீர்கள், சட்டமாகவே போட்டுவிடுகிறோம் என்று அர்த்தம்.

வாகனத்துக்கு வேறு நியாயம் இருப்பதைக் கவனித்தீர்களா? டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பட்டாவைக்கூட இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரை நம்புகிற அரசு, வீட்டுக்காரரை நம்ப மாட்டேன் என்கிறது.

முடியாத காரியமும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் காகிதங்கள் சேறாகிப் போனபோது, இதே அரசு இயந்திரம்தான் சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த ஆவணங்களுக்கு நகல்களை இலவசமாகக் கொடுத்தது. ஊரே மூழ்கினால் முடிகிறது. ஒரே ஒரு வீட்டின் பரண் ஒழுகினால் மட்டும் ஏன் முடியாது?

தொலைப்பது வங்கியாக இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு நல்ல பதில் இருக்கிறது. வீட்டுக் கடனைக் கட்டி முடித்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. வங்கியே தொலைத்துவிட்டால், நகல் வாங்க உதவி செய்து செலவையும் அதுவே ஏற்க வேண்டும். அதற்கு இன்னொரு 30 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு இழப்பீடு ஓட ஆரம்பிக்கும். "தேடிக்கிட்டிருக்கோம் சார், அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் இந்த உத்தரவைக் காட்டுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அரசிடம் நான் கேட்பது அதிகமில்லை. பத்திரம் தொலைந்தால் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், சார்பதிவாளர் அலுவலகம். அங்கே ஒரு விண்ணப்பம், ஆதார் சரிபார்ப்பு, நியாயமான கட்டணம். 'எப்படித் தொலைந்தது' என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுத உரிமை. தொலைந்த அறிவிப்பை அந்தச் சொத்தின் வில்லங்கத்திலேயே போடுங்கள். வாங்க வருகிறவன் பார்க்கும் இடம் அதுதான். ஒரு மாதம் ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுங்கள். யாரும் வரவில்லையென்றால் 'அசலுக்கு மாற்று' என்று முத்திரையிட்ட பிரதியைத் தந்து, பழைய அசல் இனி செல்லாது என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு பழைய காகிதம் யார் பீரோவில் இருந்தாலும் அதை வைத்துப் பொட்டலம்தான் மடிக்கலாம்.

இது நடக்கிறவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பத்திரத்தின் எண், பதிவான ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்று விவரங்களை இன்று ராத்திரியே ஒரு நோட்டில் குறித்து, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். காகிதம் தொலைந்தாலும் இந்த மூன்றும் கையில் இருந்தால் நகலுக்கு அலைய வேண்டியதில்லை. சொல்லாமல் போன அப்பாக்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.