அதிபரும் 'செல்லு'வார்

சென்ற ஆண்டு ஒரு சஞ்சிகைக்குக் கதையொன்று அனுப்பினேன். மாத்தறைப் பக்கத்துக் கதை. பாடசாலை அதிபரும் தேநீர்க்கடை நானாவும் அதில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே தெருவில் பிறந்தவர்கள். இருவரும் 'செல்லுங்கோ' என்றார்கள், 'ஈக்கி' என்றார்கள். அச்சில் வந்தபோது அதிபர் 'சொல்லுங்கள்', 'இருக்கிறது' என்று பேசினார். நானாவின் வாயை மட்டும் எவரும் தொடவில்லை.

வானொலி நாடகங்களில் நமது பேச்சைச் சிரிப்புக்கு வைத்தார்கள் என்று எத்தனை மேடைகளில் குமுறியிருக்கிறோம்! இந்தத் திருத்தத்தைச் செய்தவரோ நம்மவர்தான். படித்தவனுக்கு ஒரு தமிழ், கடைக்காரனுக்கு ஒரு தமிழ் என்று பிரித்தது நம்மவரின் பேனாதான். (கிழக்கிலங்கையாரின் 'மறுகா'வைக் கேட்டுக் கொழும்பில் சிரிப்பவர்களும் நம்மவர்களே.)

நமது தமிழ் கெட்ட தமிழாம். தொழுகை, நோன்பு என்று மார்க்கக் கடமைகளுக்கே தமிழ்ச் சொல் வைத்துக்கொண்டவர்கள் யார்? மற்றவர்கள் கறி, குழம்பு என்று போனபின்பும் ஆணம் என்ற சொல்லை அடுப்படியில் காத்து வைத்திருப்பது யார்? பள்ளிக்கூடம் காணாத நமது உம்மாமார் அல்லவா? அவர்கள் பெற்ற பிள்ளைதானே அந்த அதிபரும்!

அந்தக் கதையை எனது தொகுப்பில் சேர்க்கிறேன். அதிபர் அதில் 'செல்லுங்கோ' என்றே பேசுவார்.