பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள்!

ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் முன்பெல்லாம் மனை வாங்குவார்கள். இப்போது சிலருக்கு வேறு ஆசை வந்திருக்கிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை போட்டு, சின்னதாக ஒரு அடுப்பும் வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியுமாக நவக்கிரகக் கோயில்கள், ராமேஸ்வரம், முடிந்தால் காசி வரை போய்விட்டு வருவது. என்னிடம் மூட்டு வலிக்கு வருகிறவர்களே இதைப் பற்றிக் கேட்கிறார்கள். "டாக்டர், இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு பசங்க திட்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு என் காரணம் வேறு.

நம் வீட்டுப் பெண்கள் வெளியூர்ப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கவனித்திருக்கிறீர்களா? வழியில் கழிவறை எப்படி இருக்குமோ என்ற பயம். பஸ்ஸில் ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள். சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று படித்திருக்கிறோம். சிறுநீரும் தாகமும் அதில் உண்டு. இந்தப் பயணத்தில் நாம் இரண்டையும் சேர்த்தே அடக்குகிறோம்! சொந்த வேனில் மூலையில் ஒரு சின்னக் கழிவறை இருந்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே வண்டியின் மைலேஜைக் கேட்பதற்கு முன்னால், கழிவறைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லை என்றால் அந்த வேன் உங்களுக்கு எதற்கு?

விலை குறைவு என்று பலர் பழைய ஆம்னியைத்தான் தேடுகிறார்கள். அந்த வண்டி 2019-லேயே தயாரிப்பு நின்றுபோனது. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சூடு நேராகத் தொடைக்கு வரும். மூலம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். உள்ளே நிமிர்ந்து நிற்கவும் முடியாது. புடவை மாற்றுவதென்றால் கூனிக் குறுகித்தான் மாற்ற வேண்டும். உயரக் கூரை உள்ள டெம்போ டிராவலர் மேல். ஆனால் அதில் படி உயரம். முழங்கால் தேய்ந்த அம்மாவை ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறி இறங்கச் சொன்னால் மூன்றாம் நாளே "வீட்டுக்குப் போயிடலாங்க" என்பார். கூடுதலாக ஒரு படி, பிடித்து ஏற ஒரு கம்பி... வெல்டிங் கடையில் முடிகிற காரியம். இதைச் செய்யாமல் எத்தனை பிண்டத் தைலம் தடவியும் புண்ணியமில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏறிப் பார்க்கட்டும், படுத்துப் பார்க்கட்டும். விற்கிறவர் சம்மதித்தால் ஒரு ராத்திரி அதிலேயே தூங்குங்கள். அரை மணி ஓட்டிப் பார்ப்பதைவிட இதில் அதிகம் தெரியும்.

இனி பயமான விஷயம். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைப் பக்கம், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே வந்ததுதான் காரணம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, பிறகு தூக்கம். அசதி என்றுதான் நினைப்போம்! பழைய வண்டியில் இந்த ஆபத்து அதிகம். சைலன்சர் குழாய் துருப்பிடித்திருக்கும், தரைத் தகடு ஓட்டையாகியிருக்கும். மேட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டக் கூடாது. இந்த வாயுவுக்கென்றே அலாரம் கிடைக்கிறது. ஸ்டீரியோ வாங்குகிற காசில் அதை வாங்கி மாட்டுங்கள்.

டயரில் கோடு நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3516 என்றால் 2016-ம் ஆண்டு 35-வது வாரம் செய்தது. ரப்பருக்கும் வயசாகிறது, சார்.

காகித விஷயத்தை என்னைவிட உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் நன்றாகச் சொல்வார்கள். இரண்டே வார்த்தை. மஞ்சள் போர்டு வண்டி என்றால் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். படுக்கை, கழிவறை என்று உள்ளே மாற்றுவதற்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்காமல் ஓட்ட முடியாது.

ஓட்டப்போவது யார்? நீங்கள்தானே? 55 வயசுக்கு மேல் லைசென்ஸ் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் கிடைக்கும். அதற்கான மருத்துவச் சான்றிதழை யாரிடமாவது கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாங்க. கண்புரை ஆரம்பித்திருந்தால் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் பூவாக விரியும். இருட்டியபின் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, கெண்டைக்கால் அசைய பத்து நிமிஷம் நடங்கள். மணிக்கணக்கில் தொங்கவிட்ட காலில் ரத்தம் உறைந்துகொள்வது உண்டு.

சுக்குப் பொடி, திரிபலா எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், நல்லதுதான். அதற்காக, சித்த வைத்தியரே சொல்லிவிட்டார் என்று பி.பி. மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்! இன்சுலின் போடுகிறவர்கள் அதை வேனுக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. பூட்டின வண்டி மத்தியான வெயிலில் அடுப்பு மாதிரி ஆகிவிடும், மருந்து கெட்டுப்போகும். குளிர் காக்கும் சின்னப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.

முதல் பயணமே காசி வேண்டாம். வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு ராத்திரி போய் வாருங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லையா? அப்போது காசிக்குத் தேதி பாருங்கள். மார்கழி, தையில் வடக்கே மூடுபனி கண்ணை மறைக்கும். மாசி கடைசியில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.